காத்தாடியைப் போடாதீங்க

செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிடும். “வாங்க, வாங்க. உட்காருங்க. காத்தாடிய மட்டும் போட்டுடாதீங்க.”

மின்விசிறிக்கு எங்கள் ஊரில் காத்தாடி என்று பேர். பத்துமலையில் பகல் இரண்டு மணிக்கு ஒரு வீட்டுக்குள் நுழைகிறவனுக்குச் செய்கிற முதல் உபசாரம் அது. பகையாளியே வந்தாலும் காத்தாடியைத் தட்டிவிட்டுத்தான் ஏன் வந்தாய் என்று கேட்போம். ஹெலிகாப்டர்க்காரர் வீட்டில் நாற்காலி உண்டு, தண்ணீர் உண்டு, முறுக்கு உண்டு. காற்று மட்டும் கிடையாது. கூடத்துக் கூரையில் ஐந்து இறக்கையோடு காத்தாடி அசையாமல் தொங்கும். அதற்கு நேர்கீழே சாப்பாட்டு மேசையில் பழைய நாளிதழ் விரித்து, துணி காயப்போடுகிற கிளிப்பில் வாலைக் கொடுத்து, ஒரு பிளாஸ்டிக் ஹெலிகாப்டர் காய்ந்துகொண்டிருக்கும். அதன் ஐந்து இறக்கைகளும் தனித்தனியாகச் சாத்தேக் குச்சியில் ஏறி, சாப்பாடு கட்டி வந்த வெள்ளைப் பெட்டியில் குத்தி நிற்கும். கீழே உள்ள ஐந்து காய வேண்டும் என்று மேலே உள்ள ஐந்துக்கும் ஓய்வு.

ஆளைத் தெரிந்திருக்கும். தாமானுக்கு ஒருவர் இருக்கிறார். அரோவானா மீனுக்குப் பேர் வைத்தவர், போன்சாய்க்குக் கம்பி கட்டுகிறவர், இவர்கள் வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர். முப்பது வருஷம் அரசாங்க அலுவலக முகப்பில் உட்கார்ந்து “அடுத்த நம்பர்” என்று சொன்னவர். ஹெலிகாப்டரில் ஏறியதே இல்லை. கோயில் படி 272இல் நூறைத் தாண்டினால் கைப்பிடியை விடமாட்டார், திரும்பிக் கீழே பார்க்கவும் மாட்டார். ஆனால் தைப்பூசத்தன்று தலைக்கு மேலே போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் போதும், பால்குடத்தோடு வருகிற மனைவியை நடு ரோட்டில் நிறுத்தி, “ஏஎஸ் 355. ரெட்டை இன்ஜின்” என்பார். நான் யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

இந்த நோய்க்குப் பிறந்த தேதி உண்டு. 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. வீட்டுக்குள் அடைபட்ட நாடு ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டது. சிலர் ரொட்டி சுட்டார்கள். சிலர் காப்பியைக் கை வலிக்க அடித்து நுரையாக்கிப் படம் எடுத்தார்கள். ஆணை தளர்ந்ததும் பெரும்பாலோருக்குச் சரியாகிவிட்டது. இவருக்குச் சரியாகவில்லை.

காரணம் நூரி. அந்த வருஷம் ஜனவரியில்தான் விமானப்படை நூரி ஹெலிகாப்டர்களை இனிப் பறக்கவிடுவதில்லை என்று முடிவுசெய்தது. சிக்கோர்ஸ்கி எஸ்-61 வகை. 1960களின் கடைசியில் வந்து அரை நூற்றாண்டு உழைத்தது. சபா, சரவாக் காட்டுக்குள் சிப்பாய், அரிசி மூட்டை, பிரசவ வலிக்காரி, ஓட்டுப்பெட்டி என்று எதைக் கொடுத்தாலும் சுமந்தது. மலாயில் நூரி என்றால் கிளி. கிளிக்கு விபத்துகளும் கொஞ்சம் நஞ்சமில்லை, ‘பறக்கும் சவப்பெட்டி’ என்று சொன்னவர்களும் உண்டு. அவர் எதிரில் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருதரம் சொன்னேன். முறுக்குத் தட்டு என் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து அவர் பக்கம் போனது, இன்றுவரை திரும்பவில்லை.

நூரி என்று அச்சடித்த பெட்டி கடையில் கிடைக்கவில்லை. கடைகளில் இப்போது கையில் வாளோடு நிற்கிற, ‘கண்டம்’ என்கிற ஜப்பான் ரோபோக்கள்தான் சுவர் நிறைய. கடைசியில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வாரக்கடைசி பழம்பொருள் சந்தையில், நூரியின் ஒன்றுவிட்ட சகோதரன் சீ கிங் அகப்பட்டது, ஜெர்மன் கடற்படை உடுப்பில். அளவு 72இல் ஒன்று. அதாவது ஆறடி மனிதன் ஓர் அங்குலம். சீ கிங்கின் முதுகில் ஒரு ரேடார் குமிழ் இருக்கும், நூரிக்கு அது கிடையாது. அதைச் சீவி, புட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துக் கடலரசனைக் கிளியாக்க எட்டு மாதம் ஆனது. அதுவரைக்கும் பிரச்சினை இல்லை. தேய்க்கிறவன் வீட்டில் காத்தாடி ஓடலாம்.

பிறகு சாயம் வந்தது.

சாயத்துக்கும் காத்தாடிக்கும் உள்ள பகையை முதல் தடவை கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். இந்தப் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். தேய்க்கத் தேய்க்க அதில் மின்னேற்றம் ஏறிக்கொள்ளும், ஊரில் உள்ள தூசியெல்லாம் உறவு கொண்டாடி வந்து ஒட்டும். நம் கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் நூலிழை; 72இல் ஒன்று உலகத்தில் அது ஏழு சென்டிமீட்டர் கயிறு. ஈரச் சாயத்தில் ஒன்று விழுந்தால் விமானப்படையின் மானம் போய்விடும். “தூசி எங்கேருந்து வருதுன்னு நினைக்கிற? இந்தப் பக்கம் சுண்ணாம்புமலை. அந்தப் பக்கம் எம்ஆர்ஆர்2 லோரி. நடுவுல நம்ம வீடு. காத்தாடி போட்டா எல்லாம் உள்ள வந்து சுத்தும்.”

“எவ்வளவு நேரம் அத்தான்?” என்று கேட்டேன்.

அத்தான் என்று வாய் தவறி வந்துவிட்டது. பொதுவாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“இருபது நிமிஷம்” என்றார்.

சாயக் குப்பியைச் செய்தவர்கள் ஜப்பானில் ஷிசுவோக்காவில் இருக்கிறார்கள். அந்த ஊர்க் காற்றில் சாயம் காயும் நேரம் வேறு. பத்துமலைக் காற்றைப் பிழிந்தால் ஒரு குவளை தண்ணீர் தேறும். தோய்த்த துண்டே மறுநாள்தான் காய்கிறது. ஆகவே இருபது நிமிஷம் ஒரு மணி நேரமானது, ஒரு மணி நேரம் “ராத்திரி வரைக்கும்” ஆனது. ராத்திரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அடிப்பூச்சில் ஒரு கீறல். தேய்த்தார். தேய்த்ததில் தூசி. தூசியைத் துடைத்து மறுபடி அடிப்பூச்சு. காத்தாடி கிடையாது. அதற்குமேல் பச்சை. இந்தப் பச்சை நூரிப் பச்சை இல்லை, பாண்டான் இலைப் பச்சை என்று அதன்மேல் இன்னொரு பச்சை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். காத்தாடி கிடையாது. பிறகு முகப்புக் கண்ணாடிக்கு டேப் ஒட்டி அடித்தது, டேப்பை உரித்தபோது சாயமும் சேர்ந்து உரிந்தது. காத்தாடி கிடையாது. பச்சைக்குமேல் பளபளப்பு வார்னிஷ், ஏனென்றால் சொரசொரப்பில் சின்னம் ஒட்டாது. சின்னம் ஒட்டியபின் பளபளப்பைப் போக்க மங்கல் வார்னிஷ், ஏனென்றால் போர் ஹெலிகாப்டர் பளபளக்காது. முதலிலேயே பளபளக்காமல் விட்டிருக்கலாமே என்று கேட்டவன் நான். பதில் கிடையாது. காத்தாடியும் கிடையாது.

மழைக் காலத்திலாவது விடிவு வருமா என்று நம்பினோம். நாலு மணிக்கு வானம் கறுத்துக் கொட்டும்போது வீடு குளிர்கிறது. ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் வெளுத்துப் பால் கொட்டியதுபோல் ஆகிவிடும், ஆகவே அன்றைக்கு வேலை கிடையாது. “அப்போ இன்னிக்குக் காத்தாடி போடலாமா?” என்று அக்கா கேட்டாள். “நேத்து அடிச்சது இன்னும் காயலையே” என்றார். கணக்கைப் பாருங்கள். வெயிலடித்தால் சாயம் அடிக்கிற நாள், காத்தாடி கூடாது. மழை பெய்தால் சாயம் காயாத நாள், காத்தாடி கூடாது. சுமாத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்தால் சன்னலும் கூடாது.

சோறு மூடி வைக்கிற கூடை ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்குமே, மலாயில் தூடோங் சாஜி என்பது, அதை எடுத்து ஹெலிகாப்டர் மேல் கவிழ்த்துவிட்டார். மீன் குழம்பு ஈயோடு கிடந்தது. “அதான் மூடி வெச்சிருக்கீங்கல்ல, இப்பப் போடலாந்தானே?” அவர் கூடையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். பின்னலில் துளை.

தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு. முப்பது பேர், பட்டுச் சேலை, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கூடத்தில் நாலு மூலையிலும் மெழுகுவத்தி ஏற்றினாற்போல் அனல். கிள்ளானிலிருந்து வந்த பெரியப்பா நெற்றியில் வைத்த விபூதி சேறாகிக் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மரியாதைக்காரர், கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து மெதுவாக விசிறிக்கொண்டார். ஹெலிகாப்டர்க்காரர் வாழை இலைக்குக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

“பெரியப்பா, கொஞ்சம் அந்தப் பக்கமா வீசிக்கிறீங்களா?”

பெரியப்பா திரும்பி உட்கார்ந்து வீசினார். இப்போது எதிரில் சுவர். முப்பது பேரும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு அவரவர் மூச்சை அளந்து விட்டோம். சாம்பாரில் காரம் ஏறி ஒரு பையன் தும்ம வாயைத் திறந்தான். “வெளிய, வெளிய!” என்று மூன்று குரல் ஒன்றாகக் கேட்டது. அதில் ஒன்று என்னுடையது. வெட்கமாக இருந்தது. ஆறு மாதம் பழகினால் நாமும் அப்படித்தான் ஆகிவிடுகிறோம்.

பூனையைச் சபாக் பெர்ணாமில் உறவினர் வீட்டுக்கு அனுப்பியதைப் பற்றி எழுதப் போவதில்லை.

வேறு குணங்களும் உண்டு. எதையும் 72ஆல் வகுப்பார். இடுக்கியிலிருந்து துளி அளவு சாமான் தெறித்தால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் கைபேசி விளக்கோடு நாலு காலில் நடக்க வேண்டும். பொம்மை என்று சொன்னால் பேசமாட்டார். விமானப்படைச் சின்னத்தைத் தானே வீட்டில் அச்சடித்து, அதில் நட்சத்திரத்துக்கு 14 முனை இருக்கிறதா என்று ஊசியால் தொட்டுத் தொட்டு எண்ணி, 13தான் வருகிறது என்று ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தார். இதெல்லாம் சகித்துக்கொள்ளலாம். வியர்க்காது.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நூரியின் இறக்கை விரிப்பு கிட்டத்தட்ட 19 மீட்டர். அது பாடாங்கில் இறங்கினால் புல், புழுதி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தொப்பி எல்லாம் அரை மைல் பறக்கும். பிறவி எடுத்ததே காற்றைக் கிளப்ப. அப்பேர்ப்பட்ட ஒன்றைக் கையடக்கமாகச் செய்கிறேன் என்று ஒருவர் ஊரில் உள்ள காற்றையெல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்.

அக்காதான் ஒருநாள் முருகனை இழுத்தாள். பத்துமலையில் வழக்கு எந்தக் கோர்ட்டில் தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் போகும்.

“சாமி செலைய வெட்டவெளியிலதானே நிறுத்தினாங்க? மேல புறா, கீழ குரங்கு. லோரி புகை வேற. அதுக்குச் சாயம் அடிக்கிறப்ப யார் வீட்டுக் காத்தாடிய நிறுத்தினாங்க?”

அவர் யோசித்தார். பதில் சொல்லத் தெரியாதபோது கணக்குப் போடுவது அவர் வழக்கம். “சிலை 42.7 மீட்டர். 72இல் ஒன்னுன்னா 59 சென்டிமீட்டர். தங்கச் சாயம் தாய்லாந்துலேருந்து 300 லிட்டர் வந்துச்சு. நம்ம குப்பி பத்து மில்லி. முப்பதாயிரம் குப்பி!” கண்ணில் ஒரு ஏக்கம் தெரிந்தது. பிறகு, “அது ஒன்னுக்கு ஒன்னு அளவு. அதுல தூசி தூசியாத்தான் தெரியும்” என்றார்.

“படி 272க்கும் 2018ல எத்தன கலரு அடிச்சாங்க? சட்டுனு முடிச்சிட்டாங்களே?”

“அனுமதி வாங்காம அடிச்சாங்க. மரபுடைமை இலாகா கேள்வி கேட்டுச்சு.”

“நீங்களும் என்கிட்ட வாங்கலையே.”

அன்றைக்கு வீட்டில் வேறு பேச்சு நடக்கவில்லை.

பால் கொட்டினாற்போல் வார்னிஷ் வெளுத்தது ஒருதரம் நிஜமாகவே நடந்தது. கிறிஸ்துமஸ் சமயம், விடாத மழை. இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தார். வீட்டில் ஏர்கான் உள்ள அறை ஒன்றே ஒன்று, படுக்கையறை. ஏர்கான் காற்றில் ஈரத்தை இழுத்துவிடும். ஹெலிகாப்டர் அங்கே போனது. கதவைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும் என்பதால் யாரும் போகக் கூடாது. அக்கா கூடத்தில் பாய் விரித்தாள். கூடத்தில் மேசைமேல் இறக்கைகள் காய்ந்துகொண்டிருந்தன.

அவளுக்கு வேர்க்குரு கழுத்திலிருந்து முதுகு வரைக்கும். பவுடர் டப்பா மாதம் இரண்டு தீர்கிறது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும் குகைக்கோயிலுக்குப் போவாள். இப்போது வாரத்தில் நாலு நாள் அந்த முழங்காலோடு 272 படி ஏறுகிறாள். அக்கம்பக்கத்தில் வயசாக ஆகப் பக்தி முற்றிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். என்னிடம் மட்டும் சொன்னாள், மேலே போய் அந்தப் பெரிய குகைக்குள் நுழைந்ததும் சில்லென்று வரும், அங்கே ஒரு தூணோரம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதாக. சாமி கும்பிட்டாயா என்று கேட்டேன். சில நாள் மறந்துடுது தம்பி என்றாள். பணிஓய்வு பெற்றவருக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று நாங்கள் எல்லாரும்தான் சொன்னோம். குடிக்கிறாரா, நாலு நம்பர் எடுக்கிறாரா, வீட்டில்தானே இருக்கிறார் என்று அவளிடமே சொன்னோம். வீட்டில் இருக்கிறார் என்பதுதான் அவள் குறை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் ஐந்தடி உயரம். 72இல் ஒன்றுக்கு முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். அந்த வீட்டில் அவளுக்கு விட்டுவைத்த இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். முடிந்துவிட்டது என்றார். குரல் கம்மியிருந்தது. நான் போனபோது மேசையில் நாளிதழ் இல்லை, கிளிப் இல்லை. பாலிஷ் போட்ட பலகை மேல் நூரி நின்றது. சும்மா சொல்லக் கூடாது, அழகு. கதவோரத்தில் சாயம் தேய்ந்திருந்தது, புகைபோக்கிக்குப் பின்னால் கரி படிந்திருந்தது, சக்கரத்தில் செம்மண். எங்கேயோ சரவாக்கில் யாரையோ இறக்கிவிட்டு இப்போதுதான் வந்து நிற்கிறது என்று தோன்றியது. நட்சத்திரத்துக்கு 14 முனை. நானும் எண்ணினேன்.

“காய்ஞ்சிருச்சா?” என்று அக்கா கேட்டாள்.

விரல் நுனியால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, “ம்” என்றார்.

அக்கா சுவருக்குப் போய்க் குமிழைத் திருகி ஒன்றில் வைத்தாள். கூரையில் காத்தாடி முனகியது. எண்ணெய் காணாத எலும்பு. மெதுவாக, மிக மெதுவாக ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில்தான் எங்களுக்கு உறைத்தது. ஐந்து வருஷம் ஓடாத காத்தாடி, ஐந்து இறக்கை, மேலே யாரும் துடைக்காத தூசி. சாம்பல் நிறத்தில் மெத்தை மெத்தையாகப் பெயர்ந்து நேர்கீழே இறங்கியது.

மூவரும் மேசையைப் பார்த்தோம். பச்சை தெரியவில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. குனிந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். வாலிலிருந்து மூக்கு வரைக்கும் ஒரு நீளப் பார்வை. மூச்சுக்கூட விடவில்லை.

“மச்சான், இங்க வா. பாரேன். அசல் நூரி ஹாங்கர்ல அஞ்சு வருஷம் கிடந்தா இப்படித்தான் இருக்கும். சாக்பீஸ் பொடி வெச்சு எத்தன நாள் முயற்சி பண்ணேன், வரவே இல்ல. தானா வந்துருக்கு பாரு!” முகமெல்லாம் வெளிச்சம். “இத அப்படியே நிறுத்திடணும். மேல ஒரு பூச்சு மங்கல் வார்னிஷ். ஒன்னே ஒன்னு. இருபது நிமிஷம்.”

அக்காவைப் பார்த்தார். “காத்தாடிய நிறுத்தும்மா.”

அக்கா இன்னும் சுவரோரம்தான் நின்றிருந்தாள். குமிழில் வைத்த கையை எடுக்கவில்லை. ஒன்றிலிருந்து இரண்டு, மூன்று, நாலு என்று நிதானமாகத் திருகி ஐந்தில் நிறுத்தினாள். நூரியின் மேலிருந்து தூசி எழுந்தது, நாற்காலியில் மடித்து வைத்திருந்த நாளிதழ் எழுந்தது, அவர் இரண்டு கையையும் மேசைமேல் குடைபிடித்துக்கொண்டு நின்றார். பலகையில் அந்தச் சின்ன இறக்கைகள் ஒரு சுற்று திரும்பின.

நான் முறுக்குத் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.